பொருட்களை வாடகை அறையில் வைப்பதற்கு முன்

இப்பாடத்தின் நோக்கம்: மீள்குடியேறும் காலத்தில் வீட்டுப் பொருட்களை வேறோர் இடத்தில் வைக்க நேரும் குடும்பங்கள், அந்த இடத்தின் பாதுகாப்பைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே தாமாகப் பார்த்து மதிப்பிடுவதற்கு உதவுதல்.

1. ஏன் இதைப் படிக்க வேண்டும்?

சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளும் வீடு கட்டி முடியும் நாளும் ஒன்றல்ல. இடையில் பல மாதங்கள் செல்கின்றன. பற்றையை வெட்ட வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், தற்காலிகக் கொட்டில் ஒன்று போட வேண்டும். அந்தக் கொட்டிலுக்குள் கட்டில், அலுமாரி, தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாவற்றையும் வைக்க முடியாது. ஆகவே வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ புத்தளத்திலோ, இதுவரை இருந்த இடத்திற்கு அருகில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துப் பொருட்களை வைக்கவே பலர் எண்ணுகிறார்கள்.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம் மாறி மாறி ஓடியவர்களும் பொருட்களை இழப்பதென்றால் என்ன என்பதை நன்கு அறிவார்கள். போரில் இழந்ததற்கு ஒருவரும் முன்கூட்டி ஆயத்தமாக இருந்திருக்க முடியாது. ஆனால் ஒரு பூட்டிய அறையில் இருந்து பொருள் போவதைப் பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கலாம்.

வீட்டுத்திட்ட உதவி பெறும் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உதவிப்பணம் வேலை முடியும் கட்டத்தைப் பார்த்துத் தவணை தவணையாகவே வருகிறது. முதல் தவணைப் பணத்தில் வாங்கிய கம்பியும் மரமும் களவு போனால் அந்தக் கட்டம் முடியாது. கட்டம் முடியாவிட்டால் அடுத்த தவணை வராது. ஓர் இரவுக் களவு வீட்டையே மாதக்கணக்கில் நிறுத்திவிடும்.

2. முதலில் பொருட்களைப் பிரியுங்கள்

அறை தேடுவதற்கு முன், உங்கள் பொருட்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒருபோதும் களஞ்சிய அறையில் வைக்கக் கூடாதவை. தேசிய அடையாள அட்டை, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பாடசாலைச் சான்றிதழ்கள், வைத்தியக் குறிப்புகள், நகை, காசு, காணாமற்போனவர்கள் தொடர்பாகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், குடும்பப் படங்கள் ஆகியன இதில் அடங்கும். இவற்றைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு உங்களுடனேயே வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் நிழற்பிரதி எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் இன்னோர் ஊரில் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, வைக்கத் தகுந்தவை. தளபாடம், இயந்திரங்கள், கதவு நிலைகள், கூரைத் தகடுகள், பாத்திரங்கள், வேலை ஆயுதங்கள் போன்றன.

மூன்றாவது, வைப்பதிலும் விற்பது நல்லது என்பவை. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, மாத வாடகை 3,000 ரூபா என்றும் ஆறு மாதம் என்றும் கொள்வோம். வாடகை 18,000 ரூபா. வாகனக் கூலி போகவும் வரவும் 5,000 ரூபா வீதம் 10,000 ரூபா. மொத்தம் 28,000 ரூபா. அறையில் வைக்கப்போவது உடைந்த கதிரைகளும் பழைய தகரமும் என்றால், அவற்றை விற்றுவிட்டுப் பிறகு புதிதாக வாங்குவதே இலாபம்.

சீமெந்து இந்த மூன்றிலும் சேராது. அது ஈரக்காற்றுப் பட்டாலே இறுகத் தொடங்கும். மூன்று மாதத்திற்கு மேல் வைத்த சீமெந்தின் வலு குறைந்துவிடும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறது என்று மொத்தமாக வாங்கி அடுக்காமல், அந்தந்த வேலைக்குத் தேவையான பைகளை மட்டும் வாங்குங்கள்.

3. எவ்வகையான இடங்கள் உண்டு?

உறவினர் வீடு: வாடகை இராது, ஆள் எப்போதும் இருப்பார்கள். ஆனால் அவர்களும் வீடு மாறலாம். பொருளைப் பாவிக்கலாமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் பின்னர் மனக்கசப்பு வரும்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சனசமூக நிலையம் ஆகியவற்றின் மண்டபங்கள்: சில நாட்களுக்கு உதவும். திருவிழா, கூட்டம், வெள்ளகால முகாம் என்று ஏதும் வந்தால் உடனே ஒதுக்கிக் கொடுக்க வேண்டியிருக்கும். பலர் வந்து போகும் இடமென்பதால் பூட்டிய தனியறை இருந்தால் மட்டும் வையுங்கள்.

கடைகளின் பின்னறை, வீட்டுடன் சேர்ந்த தனியறை, வாடகைக் களஞ்சியம்: நீண்ட காலத்துக்குப் பொருந்தக்கூடியவை இவையே. இப்பாடம் முக்கியமாக இவற்றைப் பற்றியது.

ஆள் இல்லாத வீடுகளும் சேதமடைந்த கட்டிடங்களும்: இவற்றில் ஒருபோதும் வைக்க வேண்டாம். அவை இன்னொரு குடும்பத்தின் சொத்து. அத்துடன், மிதிவெடியும் வெடிக்காத வெடிபொருட்களும் அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத இடமாகவும் இருக்கலாம். மண்டையோட்டுக் குறியுடன் சிவப்பு எச்சரிக்கைப் பலகை காணப்படும் பக்கம் போகவே வேண்டாம். பலகை இல்லை என்பதற்காக இடம் பாதுகாப்பானது என்றும் முடிவெடுக்க வேண்டாம். சந்தேகமான பொருள் ஏதும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

4. கட்டிடத்தைப் பார்த்தல்

அறையைப் பார்க்கப் போகும்போது இன்னொருவரையும் கூட்டிச் செல்லுங்கள். பெண்கள் தனியே போய்ப் பூட்டிய அறைகளைப் பார்ப்பதைத் தவிர்ப்பது நல்லது. பகலில் ஒரு தடவையும், பொழுதுபட்ட பின்னர் வெளியிலிருந்து ஒரு தடவையும் பாருங்கள். பகலில் கலகலப்பாக இருக்கும் கடைத்தெரு, கடைகள் பூட்டியபின் ஒருவரும் இல்லாத இருட்டாக மாறலாம்.

பெரும்பாலானோர் அறைக்கு முன் நின்று பூட்டை மட்டும் பார்க்கிறார்கள். களவெடுப்பவர் பூட்டைத் தொடாமலே உள்ளே போகக்கூடிய வழிகளைத்தான் முதலில் தேடுவார். நீங்களும் அவ்வாறே கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள்.

கூரை: ஓட்டைக் கையால் தூக்கி உள்ளே இறங்க முடியுமா? தகடு என்றால் அது எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? கூரைக்கு அருகில் ஏறக்கூடிய மதிலோ மாமரமோ உண்டா? கீழே சீற் அடித்திருந்தால் அதன் மேல் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.

நடுச்சுவர்: வரிசையாகக் கட்டிய கடைகளில் இதுவே அதிகம் கவனிக்கப்படாத இடம். உங்கள் அறையையும் அடுத்த அறையையும் பிரிக்கும் சுவர் கூரைவரை எழும்பியிருக்கிறதா? இல்லையேல் அடுத்த அறைக்காரர் சுவருக்கு மேலால் ஏறி உங்கள் அறைக்குள் இறங்கலாம். கதவில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டாலும் பயனில்லை.

கதவு: பிணைச்சல்கள் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே இருந்தால் ஆணியைக் கழற்றிக் கதவையே எடுத்துவிடலாம். கொண்டியைப் பொருத்திய திருகாணிகளின் தலை வெளியே தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் பூட்டை உடைக்கத் தேவையில்லை; ஒரு திருகாணிச் சாவி போதும். நிலை உக்கியிருக்கிறதா, கறையான் பிடித்திருக்கிறதா என விரலால் அழுத்திப் பாருங்கள்.

யன்னல்: கம்பி இருக்கிறதா? கம்பி மரச்சட்டத்தின் நடுவே ஊடுருவிச் செல்கிறதா, மேலே ஆணியால் அடித்ததா? வெளியே நின்று பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாதபடி மறைக்கலாமா?

தரை: வெளி நிலத்தைவிட உயரமா? சுவரில் தண்ணீர் நின்ற கறை உண்டா? புதிதாக வெள்ளை பூசியிருந்தால் கறை மறைந்திருக்கலாம். அயலில் உள்ள பழைய சுவர்களையும் பாருங்கள்.

5. திறப்பு யாரிடம்?

பூட்டு நல்லதா என்று கேட்பதற்கு முன் திறப்பு எத்தனை, அவை யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். உரிமையாளர் தந்த பூட்டைப் பாவித்தால், அதன் மாற்றுத் திறப்பு முன்னர் வாடகைக்கு இருந்தவரிடமும் இருக்கலாம், கடைப் பொடியனிடமும் இருக்கலாம். ஆகவே உங்கள் சொந்த ஆமைப்பூட்டை வாங்கிப் போடுங்கள். மெல்லிய வளையம் கொண்ட மலிவுப் பூட்டை வெட்டுவது எளிது. வளையம் தடித்ததாகவும், பூட்டியபின் வெளியே தெரியும் பகுதி குறைவாகவும் உள்ள பூட்டைத் தெரிவுசெய்யுங்கள்.

சில உரிமையாளர்கள், "அவசரத்துக்குத் திறக்க எனக்கும் ஒரு திறப்பு வேண்டும்" என்பார்கள். தீ, வெள்ளம் என்று யோசித்தால் அது நியாயமான கோரிக்கைதான். அப்படியானால் கொண்டியில் இரண்டு பூட்டுகள் போடலாம்: ஒன்று அவருடையது, ஒன்று உங்களுடையது. இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அதற்கு இணங்காவிட்டால், மாற்றுத் திறப்பை ஓர் உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இருவரும் கையொப்பமிட்டு, அவரிடமோ நடுவர் ஒருவரிடமோ கொடுங்கள். உறை கிழிந்திருந்தால் அறை திறக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் குடும்பத்துக்குள்ளும் இதைத் தீர்மானியுங்கள். அறையைத் திறக்கக்கூடியவர் யார்? அவர் நோயுற்றாலோ இறந்தாலோ பொருளை யார் எடுக்கலாம்? கணவர் இல்லாத அல்லது காணாமற்போன குடும்பங்களில், உறவினர் ஒருவர் வந்து "நான் அவரின் தம்பி" என்று சொல்லிப் பொருட்களை ஏற்றிச் செல்ல இடமிருக்கக் கூடாது. குடும்பத் தலைவியே அறையை எடுக்கிறார் என்றால் உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் அவரது பெயரிலேயே இருக்க வேண்டும்.

6. யாருடைய கண் படுகிறது?

அறைக்கு எதிரே இரவிலும் ஆள் இருக்கும் வீடு உண்டா? வாசலில் மின்விளக்கு எரிகிறதா? காவலாளி இருப்பதாகச் சொன்னால் அவரையே சந்தித்துப் பேசுங்கள். எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார், சுகமில்லாத நாளில் யார் வருவார் என்று கேளுங்கள். காணொளிக் கமரா இருந்தால் அது வேலை செய்கிறதா, மின்சாரம் நின்றாலும் பதியுமா, பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, அது உங்கள் கதவைப் பார்க்கிறதா அல்லது கடைக்காரரின் காசுப் பெட்டியைப் பார்க்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கமரா இல்லையென்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

அயலவர் இருவரிடமாவது, உரிமையாளர் அருகில் இல்லாதபோது, மூன்று விடயங்களை விசாரியுங்கள். இங்கே முன்பு களவு நடந்ததா? மழைக்குத் தண்ணீர் ஏறுமா? முன்னர் பொருள் வைத்தவர்கள் ஏன் போனார்கள்? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பெரும்பாலும் கூடுதலாக உதவும்.

பொருள் ஏற்றி இறக்கும் நாளில் தெருவெல்லாம் பார்க்கும். இயந்திரங்களைச் சாக்கால் மூடி ஏற்றுங்கள். அறையில் என்ன இருக்கிறது, எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்பதைத் தேநீர்க் கடையில் பேச வேண்டாம்.

7. தண்ணீர், தீ, பூச்சி

வடக்கிலும் கிழக்கிலும் பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை நீடிக்கும். ஆடி மாதத்தில் பார்த்த அறை உலர்ந்திருப்பது எதையும் நிரூபிக்காது. 2018 டிசெம்பரில் கடும் மழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏராளமான குடும்பங்கள் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டன. அந்த வெள்ளம் இந்த அறைக்கு எவ்வளவு தூரம் வந்தது என்று கேளுங்கள்.

பொருட்களை நேராகத் தரையில் வைக்க வேண்டாம். கல்லும் பலகையும் வைத்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் முட்டாமல் ஒன்றரை அடி விட்டு அடுக்குங்கள். காற்றும் ஓடும், கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். விதைநெல் வைப்பதாயின் நன்கு காயவைத்த பின்னரே மூடை கட்டுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை நெல் வாங்கும்போது ஏற்கும் ஈரப்பதன் ஆகக்கூடியது 14 வீதம்; விதைக்கு அதைவிடக் குறைவாக இருப்பது நல்லது.

பக்கத்து அறையில் என்ன இருக்கிறது? மண்ணெண்ணெய், எரிவாயுச் சிலிண்டர், பெயின்ற், ஒட்டுவேலை இருந்தால் வேறிடம் பாருங்கள். உங்கள் நீரிறைக்கும் இயந்திரத்திலும் எரிபொருளை முற்றாக இறக்கிவிட்டே வையுங்கள். "கடைக்குக் காப்புறுதி இருக்கிறது" என்று உரிமையாளர் சொன்னால் அது அவருடைய பொருளுக்கு மட்டுமா, உங்களுடையதற்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

8. எழுத்தில் இருக்கட்டும்

தெரிந்தவர் என்பதால் எழுத்து வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். எழுத்து உறவைக் காப்பாற்றும். சாதாரண தாளில் எழுதினாலும் போதும். இரண்டு பிரதிகள், இருவரின் கையொப்பம், இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். அதில் அடங்க வேண்டியவை:

- இருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம்
- அறை இருக்கும் இடம், தொடங்கும் நாள், முடியும் நாள்
- மாத வாடகை, முற்பணம், முற்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது
- திறப்பு யாரிடம் உள்ளது, அறையைத் திறக்க உரிமை உள்ளவர்களின் பெயர்
- அறையை ஒதுக்கச் சொல்வதானால் எத்தனை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது
- வாடகை பிந்தினால் என்ன செய்வது. பொருளை விற்கவோ வேறிடம் மாற்றவோ உங்கள் சம்மதம் வேண்டும் என்பது
- களவு, தீ, வெள்ளம் நடந்தால் உங்களுக்கு அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கம்

இத்துடன் பொருட் பட்டியல் ஒன்றை இணையுங்கள். "தையல் இயந்திரம் 1" என்று எழுதுவது போதாது. அதன் வகை, நிறம், உடலில் உள்ள தொடர் இலக்கம், எங்கே கீறல் இருக்கிறது என்பவற்றையும் எழுதுங்கள். தொடர் இலக்கம் இல்லாத பொருளில் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் உங்கள் எழுத்துகளைப் பொறித்துவிடுங்கள். களவுபோன பொருளைப் பொலிசார் கண்டெடுத்தாலும், அது உங்களுடையது என்று காட்ட முடியாவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். அறையை அடுக்கி முடித்தபின் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மூன்று விடயங்களுக்கு இணங்க வேண்டாம். அடையாள அட்டையின் மூலப்பிரதியை ஈடாகக் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். என்னவென்று தெரியாத மற்றவரின் பெட்டியை உங்கள் அறையில் வைக்க விட வேண்டாம். அதற்குள் சட்டவிரோதமான பொருள் இருந்தால் விசாரணை உங்களிடம்தான் வரும்.

9. வைத்த பின்னர்

மாதம் ஒரு தடவையாவது, முடிந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு நாளில், போய்ப் பாருங்கள். வாடகை கொடுக்கப் போகும்போதே அறையைத் திறந்து பட்டியலுடன் ஒப்பிடுங்கள். ஒரே இடத்தில் இருந்து மீளும் நான்கைந்து குடும்பங்கள் ஒரே கட்டிடத்தில் அறைகள் எடுத்தால், முறைவைத்து ஒருவர் போய் எல்லா அறைகளையும் வெளியிலிருந்து பார்த்து வரலாம். பேருந்துச் செலவும் குறையும்.

10. ஏதும் நடந்துவிட்டால்

அறை உடைக்கப்பட்டிருந்தால் உள்ளே போய் எதையும் தொட வேண்டாம். படம் எடுங்கள். பொலிஸ் நிலையத்தில் உடனே முறைப்பாடு செய்யுங்கள். அவசரமானால் 119 ஐ அழைக்கலாம். பொருட் பட்டியலையும் உடன்படிக்கையையும் கொண்டு செல்லுங்கள். முறைப்பாட்டை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதி எடுங்கள்.

உரிமையாளருடன் வாடகை, முற்பணம், பொருளைத் திருப்பித் தருதல் பற்றிப் பிணக்கு வந்தால், உங்கள் பகுதி மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. நம்பி ஒப்படைத்த பொருளை ஒருவர் தனதாக்கிக் கொள்வது குற்றவியல் நம்பிக்கை மோசடியாகும். அதைப் பொலிசில் முறையிடலாம். வழக்குப் பேச வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை அணுகலாம். வீட்டுத்திட்டப் பொருள் களவுபோயிருந்தால், முறைப்பாட்டுப் பிரதியுடன் பிரதேச செயலகத்துக்கும் உதவி வழங்கும் நிறுவனத்துக்கும் அன்றே அறிவியுங்கள். பிந்தி அறிவித்தால் வேலை ஏன் நின்றது என்பதை விளக்குவது கடினமாகும்.

முடிவெடுக்கும் முன்: பத்துக் கேள்விகள்

1. கூரை வழியாக இறங்க முடியுமா?
2. நடுச்சுவர் கூரைவரை உள்ளதா?
3. பிணைச்சலும் திருகாணியும் வெளியே தெரிகின்றனவா?
4. எல்லாத் திறப்புகளும் யாரிடம் என்று தெரியுமா?
5. இரவில் அந்தக் கதவு யாருடைய கண்ணிலாவது படுமா?
6. மழைக்குத் தண்ணீர் ஏறியதா என்று அயலவரிடம் கேட்டீர்களா?
7. பக்கத்து அறையில் தீப்பற்றும் பொருள் உண்டா?
8. உடன்படிக்கை உங்கள் பெயரில் உள்ளதா?
9. பட்டியலும் படமும் இன்னோரிடத்திலும் உள்ளனவா?
10. முக்கிய பத்திரங்கள் எல்லாம் உங்கள் கையில் உள்ளனவா?

1, 2, 4 ஆகிய கேள்விகளில் ஒன்றுக்கேனும் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேறிடம் தேடுங்கள். மற்றவற்றை ஒரு பூட்டாலோ பலகையாலோ ஒரு தாளாலோ நீங்களே சரிசெய்துகொள்ளலாம்.

குழுவாகக் கலந்துரையாட

அ. உங்கள் குடும்பத்தில் களஞ்சிய அறைத் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும்? அவர் இல்லாதபோது யார்?
ஆ. நீங்கள் இப்போது வாழும் பகுதியில் பொருள் வைக்கக்கூடிய மூன்று இடங்களைக் கூறுங்கள். ஒவ்வொன்றையும் பத்துக் கேள்விகளால் பரீட்சித்துப் பாருங்கள்.
இ. உறவினர் ஒருவரின் வீட்டில் பொருள் வைக்கும்போது, அவர் மனம் நோகாமல் பட்டியல் எழுதிக் கையொப்பம் கேட்பது எப்படி? இருவர் இருவராக நடித்துக் காட்டுங்கள்.